அளவு ஜாக்கெட் வேண்டாம்

"அளவு ஜாக்கெட் வேண்டாம்" என்ற மூன்று சொற்களை எழுதியவள் நான்தான். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் அவை மயிலாப்பூரில், குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிப்படியருகே எட்டு மாதம் தொங்கின. தெருவில் போகிறவர்கள் சிலர் ஒரு நொடி நின்று படிப்பார்கள், மேலே பார்ப்பார்கள், போய்விடுவார்கள். நின்றவர்களை நான் ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பேன். தலைப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பது பத்திரிகைக்காரர்களுக்குப் போகாத பழக்கம்.

அதற்கு முன் பதினாறு வருடம் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் இருந்தேன். புதிதாகத் தொழில் தொடங்கி ஜெயித்தவர் ஒருவரை வாரம்தோறும் சந்தித்து எழுதுவது என் வேலை. அந்தக் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. முதல் பத்தியில் நல்ல வேலையை விட்ட கதை. அடுத்து வீட்டில் எதிர்ப்பு. நடுவில் ஒரு சறுக்கல், அதிலிருந்து ஒரு பாடம். கடைசியில் இளைஞர்களுக்கு அறிவுரை. சறுக்கலைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அன்று என்ன கிழமை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. நானூறு சொற்களுக்கு மேல் போனால் வெட்டிவிடுவார்கள்.

பிறகு அந்தப் பக்கமே பாதியாகச் சுருங்கியது. நான் வெளியே வந்தேன். அதே மாதம் என் தங்கை பெருங்குடியில் தான் பார்த்துவந்த மென்பொருள் வேலையை விட்டாள். அவள் விட்டதற்குக் காரணம் ஒரு ஜாக்கெட்.

சென்னையில் புடவை கட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, துணியோடு, உடம்புக்குச் சரியாக உட்காருகிற பழைய ஜாக்கெட் ஒன்றையும் கொடுக்க வேண்டும். அதுதான் அளவு ஜாக்கெட். டெய்லர் அதைப் பார்த்து வெட்டுவார். தங்கையின் அளவு ஜாக்கெட்டை தி.நகரில் ஒரு டெய்லர் தொலைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவளுக்கு எந்த ஜாக்கெட்டும் சரியாக அமையவில்லை. கல்லூரியில் அவளோடு படித்த நண்பன் ஒருவனிடம் இதைப் புலம்பியிருக்கிறாள். "இவ்ளோ பெரிய ஊர்ல இன்னுமா பழைய துணிய வச்சு அளவெடுக்கறா?" என்று அவன் கேட்டானாம். நிறுவனம் அந்தக் கேள்வியில் தொடங்கியது. அவன் அதில் பாதிப் பங்காளி; எழுத்து வேலைக்கு நானும் சேர்ந்துகொண்டேன். நாங்கள் எல்லாரும் அவனைப் பார்ட்னர் என்றே கூப்பிட்டோம்.

திட்டம் எளிமையானது. அளவெடுக்கும் பெண் ஒருத்தி வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போவாள். கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுப்பாள். டேப்பால் பதினோரு இடங்களில் அளப்பாள். பார்ட்னர் எழுதிய மென்பொருள் அவற்றைச் சேர்த்துக் காகிதத்தில் வெட்டும் படம் அச்சிட்டுத் தரும். எங்கள் மாடியில் இருந்த கட்டிங் மாஸ்டர் அந்தப் படத்தைத் துணிமேல் வைத்து வெட்டுவார். நான்கு தையல் மிஷின்கள். பழைய ஜாக்கெட்டும் கிடையாது, போட்டுப் பார்த்துத் திருத்துவதும் கிடையாது.

தங்கையின் தோழிகளுக்கு, அவர்களுடைய தோழிகளுக்கு என்று தைத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லாரும் முப்பதை ஒட்டியவர்கள். படம் எடுத்துப் போட்டார்கள், பாராட்டி எழுதினார்கள். ஆனால் எட்டு மாதம் ஆகியும் அது தோழிகளின் வட்டத்தைத் தாண்டவில்லை. பார்ட்னரின் அம்மாகூட எங்களிடம் தைக்கக் கொடுக்கவில்லை. இருவரின் சேமிப்பும் கரைந்துகொண்டிருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் வெளியிலிருந்து முதலீடு கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டுப் பெருங்குடிக்கே திரும்பிவிடுவதாகத் தங்கை தன் கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் கேட்டு அவள் சொன்னதல்ல. அவளாகவே கெடு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்த்த ஞாபகம் இல்லை. டேப்பை விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள், ஜன்னலுக்குப் போவாள், கைபேசியைப் பார்ப்பாள், திரும்பி வந்து மறுபடி சுற்றுவாள்.

பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்து பார்க்கச் சம்மதித்தார். ஒரே குடும்பத்துக்கு, எல்லா வயதினருக்கும் சேர்த்து, ஒரு பெரிய ஆர்டர் செய்து காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். அவர்களுடைய மகள் தங்கையின் பழைய அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அவளுக்குக் கல்யாணம். மணப்பெண், அவள் அம்மா, சித்தி, அத்தைகள், அக்காக்கள் எல்லாருக்குமாகப் பதினெட்டு ஜாக்கெட். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. முதலீட்டாளர் வருவது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை பதினெட்டையும் அட்டைப் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தனுப்பினோம். தங்கை ஒவ்வொரு பெட்டியையும் கைபேசியில் படம் எடுத்தாள். முதலீட்டாளருக்குக் காட்டுவதற்கு.

மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு அளவெடுக்கும் பெண்ணின் கைபேசி அடித்தது. அவள் நொச்சிக்குப்பத்துப் பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். எடுத்துக் கேட்டவள் ஸ்பீக்கரில் போட்டுத் தங்கை பக்கம் நீட்டினாள். பேசியது மணப்பெண்ணின் சித்தி.

"கை உள்ள போவுதும்மா. போன கை மேல வர மாட்டேங்குது. நான் கல்யாணத்துக்கு வரவா, இல்ல போலீஸ்கிட்ட மாட்டின மாதிரி ரெண்டு கையயும் ஒட்டி வச்சிட்டு நிக்கவா?"

பின்னால் பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. ஒரு குரல், "கொக்கியே எட்டல, இவளுக்குக் கைதான் கவல" என்றது. இளம் பெண்களின் பதினொன்றும் சரியாக இருந்தன. நாற்பதைத் தாண்டிய ஏழு பேருடையதும் இறுக்கிப் பிடித்தன.

போனை வைத்ததும் பார்ட்னர் மடிக்கணினியைத் திறந்தான். அவன் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்களோடு பேசும்போது பொதுவான தமிழ் பேசுவான். பதற்றம் வந்தால் வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிடும்.

"நம்பர்ல ஒண்ணும் தப்பில்லை. ஒவ்வொண்ணா நானே பாத்துண்டுதானே இருந்தேன்! அளந்ததுல ஏதோ ஆயிருக்கு."

அளவெடுக்கும் பெண்ணுக்கு இது பொறுக்கவில்லை. "இன்னா சார், என்மேல போடுறீங்க? அந்த ஆன்ட்டிங்கல்லாம் டேப்ப பாத்ததும் மூச்ச இழுத்துப் புடிச்சிக்கினு நின்னாங்க. போட்டோ புடிக்க சொல்ல இன்னும் நிமிந்து நின்னாங்க. விடுங்க ஆன்ட்டி, மூச்சு விடுங்கன்னா, 'நல்லா இறுக்கிப் புடிம்மா, கல்யாணத்துக்குள்ள எளச்சிருவேன்'றாங்க. நான் இன்னா பண்ணட்டும்? வயித்துல குத்தட்டுமா?"

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"சொல்ற எடம் உங்க போன்ல எங்க கீது? பதினோரு கட்டம் கீது. நம்பர் போடுன்னு கீது. மூச்சு புடிச்சாங்களான்னு ஒரு கட்டம் இல்லியே."

தங்கை மாஸ்டரிடம் போனாள். அவர் திருவல்லிக்கேணியிலிருந்து வருபவர், வீட்டில் உருது பேசுகிறவர், நாற்பது வயதிருக்கும். இதற்கு முன் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் தையல் பிரிவில் இருந்தார்.

"மாஸ்டர், ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டுடலாம். நாளைக்குள்ள முடியுமா?"

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எதப் பிரிக்கறது மேடம்? உள்ள இன்னா இருக்குது பிரிக்க?"

இந்த ஊரில் எந்த டெய்லரும் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டு, அதன்மேல் இரண்டு மூன்று தையல் வரிசை போடுவார். உடம்பு கூடினால் ஒரு வரிசையைப் பிரித்துவிடலாம், குறைந்தால் மறுபடி ஓட்டலாம். எந்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினாலும் அந்த வரிசைகளைப் பார்க்கலாம். பார்ட்னரின் மென்பொருள் அந்த ஒன்றரை அங்குலத்தை வீண் துணி என்று கணக்கிட்டது. அரை அங்குலம் போதும் என்றது. அளவு துல்லியமாக இருக்கும்போது பிரித்துவிட எதற்குத் துணி?

"மொத வாரமே கேட்டேன்," என்றார் மாஸ்டர் பார்ட்னரிடம். "சார், உள்ள துணி விட வாணாமான்னு கேட்டேன். 'அளவு கரெக்டா இருந்தா எதுக்கு மாஸ்டர்'னு நீங்கதான் சொன்னீங்க. சரி, படிச்ச புள்ள, தெரிஞ்சி சொல்லுதுன்னு நெனச்சேன். நான் வெட்டுறவன். காகிதம் சொன்னத வெட்டுனேன்."

"மிச்சத் துணி இருக்குமே?" என்று கேட்டேன்.

மிச்சத் துணி முதுகுக் கயிற்றில் தொங்கும் குஞ்சங்களாக மாறியிருந்தது. இலவசக் குஞ்சம் தரலாம் என்பது எல்லாருக்கும் பிடித்த யோசனை. எனக்கும்தான். இணையதளத்தில் அதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன்.

பட்டு ஜாக்கெட்டுக்கு வெளியே துணி வாங்க முடியாது. புடவையோடு சேர்த்து நெய்து வரும் துண்டுதான் ஜாக்கெட் துணி. அதே நிறம், அதே சரிகை வேறு எங்கும் கிடைக்காது. மாஸ்டர் சிறிது நேரம் ஒரு ஜாக்கெட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வழி சொன்னார். புடவையில் இடுப்புக்குள் சொருகும் உள்முனை இருக்கிறதே, அதில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினால் போதும். அக்குளுக்குக் கீழே ஒட்டுக் கொடுத்துவிடலாம். கையை இறக்கினால் தெரியாது.

"அதுக்குப் பொடவைய வெட்டணும்," என்றாள் தங்கை.

"ஆமா. புதுப் பொடவைய. கல்யாணத்துக்கு முந்தி. அத நான் போய்க் கேக்க மாட்டேன் மேடம், இப்பவே சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை காலை தங்கையும் பார்ட்னரும் நானும் ஆட்டோவில் போனோம். பனகல் பூங்காவைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை சுற்றிவிட்டார் ஆட்டோக்காரர். "இன்னா மேடம் பண்றது, நேத்து போன ரோடு இன்னிக்கு இல்ல. பள்ளம் தோண்டிக்கினே கீறான்." வழியெல்லாம் பார்ட்னர் என்ன சொல்வது என்று திட்டம் போட்டான். பட்டு புதிதாக இருக்கும்போது கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், போடப்போட இளகும் என்று சொல்லலாம் என்றான். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம் என்றான். தங்கை டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய இடத்தில் விரல் வெளுத்திருந்தது.

கடைக்கு மேலேயே வீடு. கூடத்தில் ஏழு பெண்களும் இருந்தார்கள். மடியில் ஆளுக்கொரு அட்டைப் பெட்டி. காபி கொடுத்தார்கள். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

சித்திதான் ஆரம்பித்தார். "எங்க பழைய டெய்லரா இருந்தா இந்நேரம் 'நீங்க வெயிட் போட்டுட்டீங்கம்மா'ன்னு முடிச்சிருப்பான். இருபது வருசமா எல்லா டெய்லரும் அதத்தான் சொல்லுதான். நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

பார்ட்னர் வாயைத் திறந்தான். தங்கை முந்திக்கொண்டாள்.

"நீங்க யாரும் வெயிட் போடல. நாங்க தப்பா தச்சுட்டோம். அளந்ததும் தப்பு, உள்ள துணி விடாததும் தப்பு."

பிறகு அவள் உள்முனையைப் பற்றிச் சொன்னாள். நாலு விரல் என்று கையைக் காட்டினாள். கீழே யாரோ எவர்சில்வர் அண்டாவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"புதுச் சேலையில கத்திரி வைக்கச் சொல்லுதியா?" என்றார் ஓர் அத்தை.

சித்தி தன் பெட்டியோடு புடவையையும் கொண்டுவந்து தங்கையிடம் நீட்டினார். "வெட்டிக்கோம்மா. ஏளா, உள்ள சொருகுற முனைய எவ வந்து பாக்கப் போறா? கை தூக்க முடியாம நின்னாத்தான் ஊரே பாக்கும்." அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் புடவையை எடுத்து வந்தார்கள். ஆறு புடவை சேர்ந்தது.

மணப்பெண்ணின் அம்மா மட்டும் எழவில்லை. அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட் பெட்டியோடு அவர் மடியில் இருந்தது.

"எனக்கு வேண்டாம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. "எம்பிள்ளைக்குத் தாலி ஏறும்போது கட்டுற சேலை. அதுல வெட்டு விழ வேண்டாம். நான் சமாளிச்சிக்கிடுதேன்."

பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து எங்களுக்கு முன்னால் வைத்தார். உள்ளே வெளுத்துப்போன நீல நிறப் பருத்தி ஜாக்கெட். "அன்னிக்கே இத எடுத்து வச்சிருந்தேன். உங்க பொண்ணு வேண்டாம்னுட்டா. உங்க கடைக்குக் கீழ போர்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கு, நாங்க அளவு ஜாக்கெட்டெல்லாம் தொடறதில்லன்னு சொன்னா."

நான் அதை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மூன்று தையல் வரிசை, இன்னொரு பக்கம் இரண்டு. அக்குளில் கையால் போட்ட ஒட்டு. ஒரு கொக்கி பிய்த்து அரை விரல் தள்ளித் தைக்கப்பட்டிருந்தது. வலது கை இடது கையைவிடச் சற்றுத் தளர்வு. அவர் பாத்திரங்களை வலது கையால் மேல்தட்டிலிருந்து எடுப்பவராக இருக்க வேண்டும். அந்தத் துணியில் இருந்தது அவர் உடம்பின் அளவு மட்டுமல்ல. எங்கெங்கே பிடித்தது, எதை எப்போது தளர்த்தினார் என்பதும் இருந்தது. அதில் எதற்கும் எங்கள் பதினோரு கட்டங்களில் இடமில்லை. ஜாக்கெட்டை மடித்துக் கவருக்குள் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

வெள்ளியும் சனியும் மாடியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாஸ்டர் ஆறு புடவைகளிலும் தானே கத்தரி வைத்தார். ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன் அவர் உதடு அசைந்தது. பார்ட்னர் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அளவெடுக்கும் பெண் ஆறையும் எடுத்துக்கொண்டு தி.நகர் போனாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். "ஆறு பேரும் கை தூக்கிட்டாங்கக்கா. சித்தி ஆன்ட்டி டான்ஸே ஆடிக் காமிச்சிட்டாங்க."

"அந்த அம்மா?" என்று கேட்டாள் தங்கை.

"அவங்க ஒண்ணும் சொல்லலக்கா. பக்கோடா குடுத்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போய் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். தங்கை மேடையில் மாப்பிள்ளையைப் பார்த்தாளா என்றே எனக்குச் சந்தேகம். அவள் பார்த்தது அரக்குப் பட்டின் இடது தோளுக்குக் கீழே, தையல் இருக்கும் இடத்தை. அந்த அம்மா தாம்பாளத்தை எடுக்கும்போது முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். யாரோ மேலே தொங்கிய மாலையை எடுக்கச் சொன்னபோது பக்கத்திலிருந்த சித்தியைக் காட்டினார். சித்தி எட்டி எடுத்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. பின்வரிசையிலிருந்து விழுந்த அட்சதை எங்கள் தலைமேல் கொட்டியது. மேடையில் எல்லாரும் கையை உயர்த்தித் தூவினார்கள். மணப்பெண்ணின் அம்மா மட்டும் இடுப்பு உயரத்திலிருந்து கையைச் சற்று முன்னால் நீட்டி அட்சதையை விட்டார். அது மகளின் தலைக்குப் போகவில்லை. மடியில் விழுந்தது.

பார்ட்னர் தங்கை பக்கம் சாய்ந்தான். "தாங்கிடுத்து மச்சி. தையல் பிரியலை."

"கை தூக்கல," என்றாள் தங்கை.

"பிரியலையே. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல." அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

திங்கட்கிழமை முழுவதும் இருவரும் சண்டை போட்டார்கள். பதினொன்று மிகச் சரியாக வந்திருக்கிறது, ஆறு பேர் திருப்தி, அதையே காட்டலாம், இதில் பொய் எதுவும் இல்லை என்பது பார்ட்னரின் வாதம். பதினெட்டையும் காட்ட வேண்டும் என்பது தங்கையின் வாதம். என்னிடம் வந்தார்கள். நான் பத்திரிகையில் இருந்திருந்தால் பதினொன்றைத்தான் தலைப்பில் போட்டிருப்பேன் என்று உண்மையைச் சொன்னேன். அது இருவருக்குமே உதவவில்லை.

செவ்வாய்க்கிழமை அடையாறில் ஒரு காபிக்கடையில் முதலீட்டாளரைச் சந்தித்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். பேசிக்கொண்டே கைபேசியைக் குப்புறக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். தங்கை பதினெட்டுப் படங்களையும் வரிசையாகக் காட்டினாள். ஏழு எப்படித் தவறின, ஆறை எப்படிச் சரிசெய்தோம், ஒன்றை ஏன் சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னாள். இனிமேல் அளவு ஜாக்கெட் வாங்கப் போகிறோம் என்றும் சொன்னாள். பார்ட்னருக்கே அது அப்போதுதான் தெரியும்.

அவர் முதல்முறையாகக் கைபேசியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அளவு ஜாக்கெட் வேண்டாம்கறதுதானே உங்க ஐடியாவே? அப்போ உங்ககிட்ட இருக்கற டெக்னாலஜி என்ன, ஒரு பழைய ஜாக்கெட்டா?"

"இப்போதைக்கு ஆமா," என்றாள் தங்கை.

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. காபிக்கும் அவரே கொடுத்தார். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நான்கு வரி. வாழ்த்துகள் என்று முடிந்திருந்தது.

தங்கை அன்றே பெருங்குடி அலுவலகத்துக்குப் பேசினாள். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மஞ்சள் பலகையை நானும் ஜெராக்ஸ் கடைக்காரரும் சேர்ந்து இறக்கினோம். "நல்லாத்தானே இருந்துச்சு, என்னா ஆச்சு?" என்று கேட்டார் அவர். எழுத்துப்பிழை என்று சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, மாஸ்டருக்குச் சொல்லிவிட்டுக் கணக்கு முடிக்கலாம் என்று மாடியில் இருந்தபோது சித்தி படியேறி வந்தார். கையில் ஒரு துணிப்பை. ஒன்பது ஜாக்கெட் துணிகளை எடுத்து மேஜையில் போட்டார். மேலே ஒரு பழைய ஜாக்கெட்டை வைத்தார்.

"இது மாதிரியே தச்சிரு. ஆனா கழுத்து கொஞ்சம் மேல ஏறணும். ஆனா கை இந்த அளவே இருக்கட்டும். ஆனா பச்சைக்கு மட்டும் கை குட்டையா வை. என்ன, எழுதிக்கிட்டியா?"

"நாங்க மூடப் போறோம் ஆன்ட்டி," என்றாள் தங்கை.

"மூடிக்கோ. இத தச்சிட்டு மூடு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எவன் வந்து 'நான் தப்பா தச்சிட்டேன்'னு சொல்லுதான் இந்த ஊர்ல? உன்ன விட்டா நான் மறுபடி அவன்கிட்ட போயி, நான் வெயிட் போட்டுட்டேன்னு கேட்டுட்டு வரணும்."

தங்கை எழுதப் போனாள். அளவெடுக்கும் பெண் தடுத்தாள். "எழுதாதக்கா. எழுதுனா ஒரு 'ஆனா'வ வுட்டுருவ. ஆன்ட்டி, இன்னொரு வாட்டி சொல்லுங்க, போன்ல புடிச்சிக்கிறேன். மாஸ்டர் கேட்டுக்கினே வெட்டட்டும்."

சித்தி இன்னொரு முறை சொன்னார். இரண்டாவது முறை இன்னும் மூன்று 'ஆனா' கூடியிருந்தது. பார்ட்னர் ஒரு மூலையில் நின்று அந்தப் பழைய ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்தான்.

தங்கை திங்கட்கிழமை பெருங்குடிக்குப் போனாள். கெடுவை அவள் மீறவில்லை, ஆனால் மாடியை மூடவும் இல்லை. பத்து மாதம் போய் வந்தாள். காலையில் மாடிக்கு வந்துவிட்டு அலுவலகம், சனியும் ஞாயிறும் முழுநாள் மாடி. சித்தியைத் தொடர்ந்து அத்தைகள் இரண்டு பேர், பிறகு அவர்கள் தெருவில் நகைக்கடை வைத்திருந்த குடும்பம். பார்ட்னர் புதிதாக ஒன்று எழுதினான். கட்டம் போட்ட பலகைமேல் பழைய ஜாக்கெட்டை விரித்துப் படம் எடுத்தால் அதன் அளவுகளை, உள்ளே இருக்கும் தையல் வரிசைகளோடு, எடுத்துக்கொள்ளும். உடம்பை அளப்பதில்லை. ஜாக்கெட்டை அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாருடையதும் தொலையாது. தங்கை முதலில் ஆசைப்பட்டது இவ்வளவுதான். கூடவே ஒவ்வொருவரின் குரலும் பதிவாகும். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை "இது மாதிரியே, ஆனா" என்றுதான் தொடங்குகின்றன. உள்ளே ஒன்றரை அங்குலம் விடுகிறோம். குஞ்சம் கிடையாது. வேறொரு முதலீட்டாளர் இரண்டாவது வருடம் வந்தார். பார்ட்னரின் அம்மாவும் அதே வருடம் வந்தார்.

இப்போது கடை மூன்று இடங்களில் இருக்கிறது. அசோக் நகர்க் கிளையை நொச்சிக்குப்பத்துப் பெண் நடத்துகிறாள். மாஸ்டருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. போட்டுப் பார்க்கும் அறையில் தலைக்கு மேலே ஒரு தட்டு அடித்து அதில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருக்கிறார்கள். ஜாக்கெட்டைப் போட்டதும் அதை எட்டி எடுக்கச் சொல்வார்கள். எடுக்க முடியாவிட்டால் ஜாக்கெட் திரும்ப மேஜைக்குப் போகும்.

போன மாதம் என் பழைய நாளிதழிலிருந்து ஓர் இளம் நிருபர் தங்கையைப் பார்க்க வந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். வேலையை விட்டது, வீடு, சறுக்கல், பாடம் என்று எல்லாம் வரிசையாக வந்தன. வாடிக்கையாளர் ஏற்கெனவே கையில் வைத்திருப்பதை முதலில் பார்க்கச் சொல்லி இளைஞர்களுக்கு அறிவுரை சொன்னாள். சறுக்கலைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆறு புடவைகளைச் சொன்னாள். ஏழாவதைச் சொல்லவில்லை. நிருபர் என்ன கிழமை என்று கேட்கவும் இல்லை.

அந்த அம்மா எங்களிடம் மறுபடி வரவில்லை. தங்கை எந்த வேலையாகத் தி.நகர் போனாலும் பாத்திரக்கடை இருக்கும் பக்கமாக நடப்பாள். உள்ளே போவதில்லை.

இரண்டு வாரம் முன்பு அடையாறில் ஒரு கல்யாணம். நகைக்கடைக் குடும்பத்தின் அழைப்பு. முன்வரிசையில் அந்த அம்மா இருந்தார். கெட்டிமேளம் முழங்கியதும் எழுந்து நின்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, பின்னால் கொண்டுபோய், வேகமாக அட்சதையை வீசினார். மேடையில் மாப்பிள்ளையின் நெற்றியில் போய் விழுந்தது.

தங்கையின் அட்சதை அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

"நல்லா வருது பாத்தியா கை," என்றாள்.

"ஆமா."

"நம்ம தையல் இல்ல."

"இல்ல."

"யார்கிட்ட தைக்கறாங்கன்னு கேக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். நாற்காலிகளுக்கு நடுவே பாதி தூரம் போனவள், நின்று, கைபேசியை எடுத்துப் பார்த்தாள். பிறகு மறுபடி முன்வரிசையை நோக்கி நடந்தாள்.